ரீகோன்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் 'புதுசு' என்ற சொல் போதவில்லை. ஒரு பொருள் எந்த வகையில் புதுசு என்று இங்கிலீஷில் சொன்னால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். அதற்கு ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் 'லேட்டஸ்ட்' இருந்தது. பெரியம்மாவிடம் 'மாடர்ன்' இருந்தது. மாமாவிடம் ஒரு கூடை நிறையக் கிடந்தன: நியூ மோடல், ஃபேஸ்லிஃப்ட், ஃபுல் ஸ்பெக், அப்கிரேட். எனக்கு அப்போது எட்டு வயது. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் வேன்காரர் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். ரவிக்கைத் துணி அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் எனக்கென்று ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "அக்கா, இத பாருங்க, இது லேட்டஸ்ட். போன வாரம்தான் வந்துச்சு." ஒரு நாளில் அந்தச் சொல்லை அவள் எத்தனை தடவை சொல்வாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்தச் சொல் எனக்குள் பெரிய குழப்பத்தை உண்டாக்கியிருந்தது. பள்ளியில் 'லேட்' என்றால் மணி அடித்த பிறகு வருவது. காலையில் அம்மா குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி "லேட்டாச்சு, லேட்டாச்சு" என்று கத்துவதும் அதுதான். ஆனால் உறவுக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளில் என் அப்பாவின் பெயருக்கு முன்னாலும் 'லேட்' என்று போட்டிருந்தது. அவர் நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துபோனவர். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இங்கிலீஷ் டீச்சர் ஒருநாள் பலகையில் எழுதிப் போட்டார்: லேட், லேட்டர், லேட்டஸ்ட். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லேட் என்றால் அப்பா. லேட்டஸ்ட் என்றால் அதைவிட அதிகம். ஆக, அம்மா கடையில் நாள் முழுக்க அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு பட்டுக்கும் ஜிகினாவுக்கும் நடுவில் நின்று இப்படி அவரை நினைத்துக்கொண்டே இருக்கிறாளே என்று எனக்கு அம்மாமேல் தனி மரியாதை வந்தது. இதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பெரியம்மாவின் 'மாடர்ன்' வேறு ரகம். அது இடத்துக்குத் தகுந்தபடி குணம் மாறும். வாஷிங் மெஷின் மாடர்னாக இருந்தால் பெருமை, அம்மா மாடர்னாக இருந்தால் கேவலம். அம்மா தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்த அன்று பெரியம்மா வாசலிலேயே நின்று, "என்னா, ரொம்ப மாடர்னா ஆயிட்ட?" என்றார். அம்மா, "ஷாம்பூ மிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

மாமா, அம்மாவின் அண்ணன், சுங்கை பூலோ போகும் வழியில் கார் விற்கும் இடம் ஒன்றில் சேல்ஸ்மேனாக இருந்தார். எங்கள் பேச்சில் கார் என்பது காடி. மாமாவின் யார்டில் நின்றவை சாதாரணக் காடிகள் அல்ல, ரீகோன் காடிகள். முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் சும்மா விடவில்லை.

"பழைய காடியா மாமா?"

"யாரு சொன்னா பழசுன்னு? ஜப்பான்ல கொஞ்ச காலம் ஓடுச்சு. அப்புறம் கப்பல் ஏறி போர்ட் கிள்ளான் வந்து, இங்க நம்ம பேர்ல ஃபர்ஸ்ட் டைம் ரெஜிஸ்டர் ஆகுது. பழசும் இல்ல, புதுசும் இல்ல. ரீகோன்."

"அப்ப நல்லதா?"

மாமாவுக்கு மனம் புண்பட்டுவிட்டது. "நல்லதாவா? லோக்கல் புதுசு எத்தன கொண்டாந்து நிறுத்தினாலும் இது பக்கத்துல நிக்க முடியாது லா."

சொன்னதோடு நிற்காமல் கதவு தானாக நகர்ந்து திறக்கும் ஒரு பெரிய வெள்ளைக் காடியில் என்னை ஏற்றிக் காட்டினார். முன்கண்ணாடியின் ஓரத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இஞ்சினை முடுக்கியதும் எங்கிருந்தோ ஒரு பெண் மிகவும் பணிவான குரலில் என்னவோ சொன்னாள். நான் திடுக்கிட்டுப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மாமா சிரித்தார். "வணக்கம், ஏறி உக்காருங்கன்னு சொல்றா. ஜப்பான் பொண்ணு. ஊரு மாறி வந்தாலும் மரியாதை மாறல பாரு." அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். உலகத்தில் ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய ஆக உயர்ந்த பட்டம் ரீகோன்தான்.

இந்த நேரத்தில்தான் அங்கிள் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து, சுபாங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தவர். தன் அக்காவுக்குச் சேலை வாங்கக் கடைக்கு வந்தார். அம்மா வழக்கம்போல ஒன்றை விரித்துப் போட்டு, "சார், இது லேட்டஸ்ட்" என்றாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "லேட்டஸ்ட் வேணாங்க. பழைய டிசைன்ல ஏதாவது இருக்குங்களா?" என்றார். அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் குனிந்து அடி அடுக்கிலிருந்து தேடித் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவருடைய அக்காவுக்குச் சேலைத் தேவை மிகவும் அதிகமாகிவிட்டது. "அந்த அம்மா ஊர்ல கடை போடுதா?" என்று முதலாளியே ஒருநாள் கேட்டார்.

சில மாதங்களில் வீட்டில் பெரியவர்களின் குரல் தாழ ஆரம்பித்தது. அவர்கள் குரலைத் தாழ்த்தினால் என் காது கூர்மையாகிவிடும். அங்கிளுக்கு ஊரில் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது என்றும், மனைவி நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனார் என்றும், அதுவரை இவர்தான் கூடவே இருந்து எல்லாம் செய்தார் என்றும் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவுக்கு இதில் இரண்டு மனம். "பொண்டாட்டிய அப்படிப் பாத்துக்கிட்டவர்ன்னா நல்ல மனுஷன்தான். ஆனா இந்தியாக்காரர் லா. திடீர்னு ஊருக்குக் கிளம்பிட்டா? அத விடு, புது அப்பான்னு ஒருத்தர் வந்தா பிள்ள ஏத்துக்குமா?"

நான் ஏற்றுக்கொள்வேனா என்பது எனக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. அங்கிள் எனக்குக் கடலை மிட்டாய் கொண்டுவருவார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், கேட்டால் ஒன்றைக் கொடுப்பார். என்னை உறுத்தியது 'புது அப்பா' என்ற சொல்தான். அவர் எப்படிப் புதுசு? காதோரத்தில் நரை இருந்தது. வேறொரு நாட்டில் ஏற்கெனவே கணவராக இருந்திருக்கிறார். லேட்டஸ்ட் என்றும் சொல்ல முடியாது, அது என் அப்பாவுக்கு உரியது. தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருந்தவரை மாடர்ன் என்று பெரியம்மாவே சொல்ல மாட்டார். அப்போதுதான் மாமா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "கோயில்ல தாலி கட்டுறதெல்லாம் அப்புறம். மொதல்ல இங்க ரெஜிஸ்டர் பண்ணணும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேறு நாட்டில் கொஞ்ச காலம் ஓடி, கடல் தாண்டி வந்து, இங்கே நம் பெயரில் முதல்முறையாக ரெஜிஸ்டர் ஆவது எது?

பேசி முடிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தாள். அவளுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது, உப்பைப் போட்டோமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். கடையில் அவ்வளவு லேட்டஸ்ட் இருந்தும் அன்று அவள் பழைய டிசைன் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கிள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, செருப்பை வாசலில் கழற்றி, அதை இரண்டு முறை நேராக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மீன் குழம்பைப் பெரியம்மாவே அவருக்கு இரண்டாவது முறை ஊற்றினார், அது பாதிச் சம்மதம். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே அங்கிள எப்படிக் கூப்பிடப் போற? சொல்லு பாப்போம்" என்றார்.

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். முதுகை நிமிர்த்தி, பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

"ரீகோன் அப்பா."

மாமாவுக்குப் புரையேறியது. பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அங்கிள் ஒருவர்தான் சாதாரணமாக இருந்தார், அவருக்கு அந்தச் சொல் தெரியாது.

"ரீகோன்னா என்னங்க?"

மாமா தண்ணீரைக் குடித்துவிட்டு, "அது... ஜப்பான்ல ஒரு கம்பெனி, சார்" என்றார். அங்கிள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பேச்சு நின்றுவிட்டதே என்று நானே அடுத்த கேள்வியைப் போட்டேன். ரீகோன் என்றால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது. "மைலேஜ் எவ்வளோ அங்கிள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நெறைய ஓடியாச்சும்மா" என்றார்.

அவர் விடைபெற்றுப் போன பிறகுதான் விவகாரம் வெடித்தது. பெரியம்மா, "பாத்தியா? பிள்ள மனசுல என்னா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சா? செக்கன் ஹேண்ட் அப்பான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு" என்றார். மாமா, "அது என்கிட்ட கேட்டத வெச்சு விளையாட்டா சொல்லுது லா அக்கா" என்றார். செக்கன் ஹேண்ட் வேறு, ரீகோன் வேறு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆளான மாமாகூட அப்போது எனக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "பிள்ளைக்குப் பிடிக்கல. எனக்கு அது போதும். விட்டுடுங்க அண்ணே."

"பிடிக்கும்மா!" என்று கத்தினேன். "போய் பாடத்தப் படி" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமே இல்லை. என்னிடமிருந்ததிலேயே ஆக நல்ல சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது எப்படிக் கெட்ட சொல்லாக மாறியது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அங்கிள் அதன்பிறகு கடைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று அம்மாவே போனில் சொல்லிவிட்டாளாம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அம்மா லேட்டஸ்ட் லேட்டஸ்ட் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பழைய சுரத்து இல்லை. அடி அடுக்கைக் குனிந்து பார்க்கும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. முக்காலி போட்டிருந்த இடத்திலும் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டதால், பள்ளி விடுமுறை விட்டதும் என்னை மாமாவின் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் அங்கிள் யார்டுக்குள் நடந்து வந்தார். ரயில் பிடித்து, பஸ் மாறி வந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாமா அவசரமாக எழுந்து, "சார், சின்னப் பிள்ள ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க. ஆபீஸ்ல ஒரு சீனப் பையன்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டுச் சொன்னான்." மாமா இன்னும் சங்கடத்தோடு நெளிந்தார். அங்கிள் என்னைப் பார்த்து, "பாப்பா, இங்க ரீகோன்னா எதும்மா?" என்றார்.

ஒருவழியாக என்னிடம் ஒருவர் கேட்டுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து அந்தப் பெரிய வெள்ளைக் காடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதவு தானாக நகர்வதைக் காட்டினேன். சீட்டு பின்னால் சாய்வதைக் காட்டினேன். கண்ணாடியில் இருந்த ஜப்பான் ஸ்டிக்கரைக் காட்டினேன்.

"இது பழசா, புதுசா?"

"ரெண்டும் இல்ல அங்கிள். ரீகோன்."

"புதுசு நல்லதா, இது நல்லதா?"

"இதுதான்! லோக்கல் புதுசு எத்தன கொண்டாந்து நிறுத்தினாலும் இது பக்கத்துல நிக்க முடியாது லா." மாமாவின் வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னேன்.

அங்கிள் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். அவருடைய மீசை ஆடியது. அடக்கிப் பார்த்து முடியாமல் காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அதுவரை அவர் சத்தம் போட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்து அம்மாவை அழைத்தார். அந்தப் பக்கம் கடை இரைச்சல் எனக்கே கேட்டது.

"நான்தாங்க. வெச்சுடாதீங்க. உங்க பொண்ணு என்னைத் திட்டலைங்க. பாராட்டியிருக்குது. நமக்குத்தான் பாஷை தெரியல."

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் ரொம்ப நேரம் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் நான் விடவில்லை. முக்கியமானதை இன்னும் காட்டவில்லையே! மாமாவிடம் சாவியைக் கேட்டு வாங்கி, அங்கிளை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சாவியைத் திருப்பியதும் ஜப்பான் பெண் பேசினாள்.

"வணக்கம், ஏறி உக்காருங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

அங்கிள் இஞ்சினை அணைத்துவிட்டு மறுபடியும் முடுக்கினார். அவள் மறுபடியும் அதையே, அதே பணிவோடு சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எதையோ கேக்கற மாதிரி இருக்கும்மா" என்றார் மெதுவாக. "ஊரு மாறினது அவங்களுக்கு இன்னும் தெரியாது போல." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ஏர்கோன் இன்னும் குளிர ஆரம்பிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்து அவர் பக்கத்துத் துவாரத்தை முழுசாகத் திறந்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு ரெஜிஸ்டர் ஆனது. பெரியம்மா அன்று புதுச் சேலை கட்டி வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு காடியும் வந்தது. ஆனால் கடைசியில் வாங்கியது ஒரு சின்ன லோக்கல் புதுக் காடி. அதற்கு ஜப்பான் மொழியும் தெரியாது, வேறு எந்த மொழியும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு ரீகோனாக வந்து சேர்ந்தது அப்பா ஒருவர்தான். ஆமாம், கொஞ்ச நாளில் 'அப்பா'வுக்கு முன்னால் இருந்த சொல் தானாகவே உதிர்ந்துவிட்டது.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், ஜப்பானில் படித்துவிட்டு வந்த தோழி ஒருத்தியின் ரீகோன் காடியில் ஏறினேன். அதே குரல், அதே பணிவு. "வணக்கம்ன்னு சொல்றாதானே?" என்று கேட்டேன். தோழி சிரித்தாள். "வணக்கமா? கார்டு உள்ள இல்லன்னு சொல்றா. அந்த ஊர் டோலுக்குப் போடுற கார்டு. மொத ஓனர் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாரு. இங்க வந்தும் ஒவ்வொரு தடவையும் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கா, பாவம். எப்படி நிறுத்துறதுன்னும் தெரியல."

தோழி காடியைப் பின்னால் எடுத்தாள். எனக்கு அப்பாவின் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது.

அவர் எங்களோடு வந்த புதிதில் இருந்தே அது உண்டு. காலையில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். நானும் அம்மாவும் செருப்பைப் போட்டு வெளியே வந்துவிடுவோம், வீட்டுக்குள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். விளக்குகூட அணைத்தாகியிருக்கும். அப்பா கடைசியாக வெளியே வந்து, பூட்டைக் கையில் எடுத்து, கதவைச் சாத்தும் முன் உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்பார். எங்களிடம் பேசும் குரல் அல்ல, கொஞ்சம் சத்தமாக, உள்ளறையில் படுத்த படுக்கையாக இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல. 'லேட்டாச்சு' என்று காலை முழுக்க என்னை விரட்டுகிற அம்மா, அந்த ஒரு நேரத்தில் மட்டும் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு பேசாமல் நிற்பாள்.

தமிழ்நாட்டில் இதுதான் வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதனால் அவர் சொல்லி முடித்ததும் நானும் அவர் கைக்குக் கீழே தலையை நுழைத்து, சுவரில் மாட்டியிருந்த, என்னைப் பெற்ற அப்பாவின் படம்வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி, "போயிட்டு வரேன்" என்று கத்த ஆரம்பித்தேன். வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.